விசித்திர தினங்களிலிருந்து தலைமைப் பயிற்சி: குழுவை நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் 19 கடற்கொள்ளையரைப் போலப் பேசும் தினம். மார்ச் 14 பை தினம், அதாவது கணிதத்தில் வரும் π எண்ணுக்கான நாள். அக்டோபர் 13 தோல்வி தினம். இவற்றை எந்த அரசும் தொடங்கி வைக்கவில்லை. யாரோ ஒருவர் "இன்றைக்கு இந்த நாள்" என்றார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் நகரைச் சேர்ந்த சேஸ் சகோதரர்கள், 1957லேயே இப்படிப்பட்ட நாட்களையும் சேர்த்து ஆண்டு நாட்காட்டி தொகுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெரும்பாலான அலுவலகங்களில் இந்த நாட்கள் கேக், பலூன், குரூப் போட்டோ என்று முடிந்துவிடுகின்றன. ஒரு குழுவை நடத்துபவர் பார்க்க வேண்டியது அந்த நாள் பிறந்த கதையை. பதவியோ பணமோ உத்தரவு போடும் உரிமையோ இல்லாத ஒருவர், முன்பின் தெரியாத மனிதர்களைத் தாமாகவே ஒரு காரியம் செய்ய வைத்திருக்கிறார். டீம் லீடர், ஷிப்ட் மேற்பார்வையாளர், பள்ளியில் துறைத் தலைவர், தன்னார்வக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் ஆகியோருக்கு அன்றாடம் தேவைப்படுவது இதே திறன்தான். சம்பளத்தைக் கூட்டும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை, ஆனாலும் வேலை நடந்தாக வேண்டும்.

கீழே உள்ள முறை மூன்று கண்ணிகள் கொண்டது: நாள் பிறந்த கதை, அதிலிருந்து உங்கள் குழுவுக்கு ஒரு கேள்வி, அந்தக் கேள்வியிலிருந்து மறுநாளும் நிற்கும் ஒரு மாற்றம். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டையும் செய்ய வேண்டாம்.

படி 1: ஆண்டுக்கு நான்கு நாட்கள், அதற்கு மேல் வேண்டாம்

மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். மாதம் ஒன்று என்று தொடங்கினால் ஐந்தாவது மாதத்தில் அது கடமையாகிவிடும், எட்டாவது மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். வேலைப் பளுவைப் பார்த்துத் தேதியைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, தரவுகளைப் பிரதி எடுத்து வைக்க நினைவூட்டும் உலக பேக்கப் தினம் மார்ச் 31இல் வருகிறது. ஏப்ரல் 1 அன்று ஏமாளி ஆகாதீர்கள் என்பது அதன் பொருள். ஆனால் இந்தியாவில் மார்ச் 31 நிதியாண்டின் கடைசி நாள். கணக்குப் பிரிவு மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும்போது அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பது அவர்கள் உழைப்பை மதிக்காத செயல். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். அதிகாரபூர்வமற்ற நாளைத் தள்ளிவைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

அமெரிக்காவில் அக்டோபர் 16 முதலாளி தினம். 1958இல் பாட்ரிசியா பேஸ் ஹரோஸ்கி என்ற பெண், தன் தந்தையின் பிறந்தநாளையே தேதியாக வைத்துப் பதிவு செய்தார். அவருடைய தந்தைதான் அவருக்கு மேலதிகாரியும். ஒரு மகளின் அன்பிலிருந்து பிறந்த நல்ல கதைதான். ஆனாலும் உங்கள் குழுவில் இதைக் கொண்டாட விடாதீர்கள். சம்பள உயர்வைத் தீர்மானிப்பவருக்குக் கீழே இருப்பவர்கள் வசூல் செய்து பரிசு வாங்கும்போது, யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற கணக்கு மனதுக்குள் ஓடும். மேல்நோக்கிப் பரிசு போகும் எந்த நாளையும் விட்டுவிடுங்கள்.

படி 2: பிறந்த கதையைச் சரிபாருங்கள்

இணையத்தில் உள்ள தினப் பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள் இருக்கும். விற்பனைக்காக நிறுவனங்கள் உண்டாக்கிய நாட்களும் நடுவில் கலந்திருக்கும். நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: தொடங்கியவர் யார்? எந்த ஆண்டு? எந்த ஊரில்? ஏன் இந்தத் தேதி? இரண்டுக்கு மேல் விடை கிடைக்காவிட்டால் அந்த நாளை விட்டுவிடுங்கள். கதை இல்லாத நாளில் உங்களுக்கு எடுக்க ஒன்றும் இருக்காது, வாசகம் மட்டுமே மிஞ்சும்.

"ஏன் இந்தத் தேதி" என்ற கேள்வியைச் சிறியது என்று ஒதுக்காதீர்கள். கடற்கொள்ளையர் தினத்தைத் தொடங்கிய ஜான் பவுர், மார்க் சம்மர்ஸ் இருவரும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து நண்பர்கள். 1995 ஜூன் 6 அன்று பந்து விளையாடும்போது வேடிக்கையாகப் பேசிக்கொண்டதுதான் தொடக்கம். ஆனால் ஜூன் 6, இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டு வீரர்கள் இறங்கிய நாள். அந்த நினைவின் மேல் தங்கள் வேடிக்கை விழக்கூடாது என்று செப்டம்பர் 19க்கு மாற்றினார்கள். விளையாட்டாகத் தொடங்கியதிலும் மற்றவர் மனதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் யாருக்காவது துக்க நாளாகவோ நோன்பு நாளாகவோ இருக்கும் தேதியில் விருந்து வைக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

படி 3: கதையிலிருந்து கேள்வியை எடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஒரு கேள்வி, அதுவும் உங்கள் குழு இந்த மாதமே விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "நல்ல தலைவர் யார்?" போன்ற கேள்விகள் பேச்சுப் போட்டிக்குத்தான் உதவும். ஐந்து நாட்களை எடுத்து, கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று காட்டுகிறோம்.

*கடற்கொள்ளையர் தினம், செப்டம்பர் 19.* ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கத்துவதோடு நின்றுவிட்டால் இதில் ஒன்றுமில்லை. உண்மையான கொள்ளைக் கப்பல்களின் நடைமுறைக்குப் போங்கள். 1720 வாக்கில் அட்லாண்டிக்கில் திரிந்த பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பலில் எழுத்து வடிவில் விதிகள் இருந்தன. முக்கிய முடிவுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். கப்பலில் கைகலப்பு கூடாது, சண்டையைக் கரையில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பங்குப் பிரிவினையில் கேப்டனுக்கு இரண்டு பங்கு, பீரங்கித் தலைவருக்கு ஒன்றரைப் பங்கு. வேலையில் உறுப்பை இழந்தவருக்குப் பொதுப் பணத்திலிருந்து இழப்பீடும் உண்டு. துரத்தலிலும் சண்டையிலும் கேப்டன் சொன்னதே சட்டம். மற்ற நேரங்களில், உணவையும் கொள்ளைப் பொருளையும் பங்கிடும் குவார்ட்டர்மாஸ்டர் அவருக்குக் கடிவாளமாக இருந்தார். அவரைத் தேர்ந்தெடுத்ததும் மாலுமிகளே.

இவர்கள் கொலையும் கொடுமையும் செய்தவர்கள் என்பதைக் குழுவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேப்டனின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த வணிகக் கப்பல் மாலுமிகள் பலர், அதே நிலை மீண்டும் வராமல் இருக்க இந்த விதிகளை எழுதிக்கொண்டார்கள். அதுதான் கவனிக்கத்தக்கது.

கேள்வி: *நம் குழுவின் எழுதப்படாத விதிகள் எவை? அவற்றில் எதற்கு நாம் கையெழுத்துப் போடுவோம்?*

ஆளுக்கு மூன்று சீட்டு கொடுங்கள். சீட்டுக்கு ஒரு விதி, பெயர் வேண்டாம். "இரவு பத்து மணிக்கு மேல் வரும் மெசேஜுக்குப் பதில் போட்டாக வேண்டும்", "புதிதாக வந்தவர்தான் மீட்டிங் குறிப்பு எடுக்க வேண்டும்" போன்றவை வெளியே வரும். ஒரேமாதிரி உள்ளவற்றைச் சேர்த்து ஒட்டுங்கள். ஓட்டெடுப்பில் ஐந்து முதல் ஏழு விதிகளை வைத்துக்கொண்டு, மற்றதை எல்லார் முன்னாலும் கிழித்துப் போடுங்கள். மிஞ்சியதை எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள், உங்கள் கையெழுத்து கடைசியில் இருக்கட்டும். தலைவர் முதலில் போட்டால் மற்றவர்கள் ஒப்புதலுக்காகப் போடுவார்கள். நெருக்கடியில் யார் சொல்வது இறுதி என்ற விதியும் அந்த ஏழில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் சர்வர் செயலிழந்த இரவில் ஓட்டெடுப்பு நடத்த நேரிடும்.

*சிஸ்டம் அட்மின் நன்றி தினம், ஜூலை கடைசி வெள்ளி.* 2000 ஜூலை 28 அன்று இதைத் தொடங்கிய டெட் கெகாடோஸ் தாமே ஒரு சிஸ்டம் அட்மின், அதாவது அலுவலகக் கம்ப்யூட்டர்களையும் சர்வர்களையும் பராமரிப்பவர். புதுப் பிரின்டர்களுக்காக அலுவலகமே அட்மினுக்குப் பூவும் பழக்கூடையும் தருவதாக ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்தார். அதே மாதிரிப் பிரின்டர்களை அப்போதுதான் தம் அலுவலகத்தில் அவர் பொருத்தியிருந்தார். நம் ஊரில் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறோம், பொரியும் சுண்டலும் பகிர்கிறோம். அந்தக் கம்ப்யூட்டரை வருடம் முழுவதும் ஓட வைப்பவரின் பெயர் அலுவலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: *யாருடைய வேலை சரியாக நடக்கும்போது நம் கண்ணில் படுவதே இல்லை?*

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, "உங்கள் சேவைக்கு நன்றி" என்று பொதுவாகச் சொல்வது. நன்றியில் மூன்று உறுப்புகள் வேண்டும்: அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியம், அது நடந்த நேரம், அதனால் உங்களுக்கு எது நடக்காமல் போனது. "ஜூன் மாதம் பில்லிங் நின்றபோது ராத்திரி வந்து சரிசெய்தீர்கள், மறுநாள் காலை வாடிக்கையாளர் யாரும் திரும்பிப் போகவில்லை" என்று சொன்னால் அவருக்குப் புரியும், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று. பிறகு அவர் வேலையில் அன்றாடம் தொந்தரவாக இருக்கும் ஒன்றை அவரிடமே கேட்டு, இரண்டு வாரத்துக்குள் நீக்குங்கள். பூங்கொத்து தேவையில்லை. டிக்கெட் (கோளாறைப் பற்றிய முறையான பதிவு) போடாமல் போனில் கூப்பிட்டு அவசரப்படுத்துவதை உங்கள் குழு நிறுத்தினாலே அவருக்கு அது பெரிய பரிசு.

*தோல்வி தினம், அக்டோபர் 13.* பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் 2010இல் தொடங்கியது. தோற்றுவிடுவோம் என்ற பயத்தால் இளைஞர்கள் தொழில் தொடங்கவே தயங்குகிறார்கள் என்பதுதான் அவர்கள் கவலை. தெரிந்த முகங்களைத் தங்கள் தோல்விகளைப் பொதுவில் சொல்ல வைத்தார்கள்.

கேள்வி: *இந்தக் காலாண்டில் எது நாம் நினைத்தபடி நடக்கவில்லை? எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகும் சொல்லத் தயங்கினோமா?*

மூன்றாவது பகுதிதான் தங்கம். ஆனால் மிக எளிதில் கெட்டுப்போகும் நாளும் இதுதான். தலைவர் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் குழுவுக்குத் தெரிந்த, உண்மையிலேயே வலித்த ஒன்றை. "அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை" என்ற ரகத்தில் நீங்கள் தொடங்கினால், பத்துப் பேரும் அதே ரகத்தில் முடிப்பார்கள். மற்றவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே விதியாக அறிவியுங்கள். இங்கே சொன்னது அப்ரைசலுக்கு (வேலைத்திறன் மதிப்பீட்டுக்கு) போகாது என்று வாக்குக் கொடுப்பதற்கு முன், அதைக் காப்பாற்ற உங்களால் முடியுமா என்று மனிதவளப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள். முடியாதென்றால் இந்த நாளை நடத்தாதீர்கள். மனம் திறந்து பேசிய ஒருவரை ஆறு மாதம் கழித்து அதே பேச்சால் அடித்தால், அந்தக் குழு பிறகு எந்தத் தலைவரிடமும் உண்மை பேசாது. அப்ரைசல் மாதத்திலும் அதற்கு முந்தைய மாதத்திலும் இதை வைக்கவே வேண்டாம்.

*கழிப்பறை தினம், நவம்பர் 19.* சிங்கப்பூர் வணிகர் ஜாக் சிம் 2001இல் இதே தேதியில் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். உலக வர்த்தக அமைப்பின் ஆங்கிலச் சுருக்கமும் இதன் சுருக்கமும் ஒன்றே: WTO. அந்த ஒற்றுமையைத் தெரிந்தே வைத்துக்கொண்டார், பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. எல்லாரும் கூச்சப்பட்டு ஒதுக்கிய சொல்லைச் சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2013இல், சிங்கப்பூர் முன்மொழிந்த தீர்மானத்தின்படி ஐக்கிய நாடுகள் சபை இதை அதிகாரபூர்வ நாளாக ஏற்றது. தனி மனிதர் தொடங்கிய ஒரு நாள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: *எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பிரச்சினை எது?*

முதல் ஆண்டில் இந்தக் கேள்வியை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வளாகத்தில் உள்ள எல்லாக் கழிப்பறைகளையும் நேரில் பாருங்கள். பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் ஊழியர் தலைமையில் தனிக்குழு போகட்டும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிரைவர்கள் பயன்படுத்துவதைக் கட்டாயம் சேருங்கள். அவர்களுக்கென்று ஒன்று இல்லவே இல்லை என்பது பல இடங்களில் அப்போதுதான் தெரியவரும். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, மக் இருக்கிறதா, மூடியுள்ள குப்பைக் கூடை, சோப்பு, துணி மாட்டக் கொக்கி, விளக்கு, நைட் ஷிப்டில் சுத்தம் செய்ய ஆள் என்று எட்டையும் குறியுங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். மாலை நான்கு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பாருங்கள். தாழ்ப்பாள், கொக்கி, கூடை மூன்றும் ஒரே நாளில் சரிசெய்யக்கூடியவை, பணமும் அதிகம் ஆகாது. அவற்றை அன்று மாலைக்குள் முடித்துவிடுங்கள். பிளம்பிங் வேலைக்குத் தேதி எழுதி ஒட்டுங்கள். அவமானமாக நினைத்துச் சொல்லாமல் இருந்த ஒன்றைத் தலைவர் தாமாகவே வந்து பார்த்தார் என்ற செய்தி, பத்து ஊக்கப் பேச்சுகளைவிட அதிக தூரம் போகும்.

*பேக்கப் தினம், மார்ச் 31.* தரவைப் பற்றியதை மனிதர்களுக்கு மாற்றிக் கேளுங்கள்: *நாளை நான் இரண்டு வாரம் லீவு போட்டால் எது நின்றுபோகும்?* ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே தெரிந்த மூன்று வேலைகளை எழுதட்டும், அதில் ஒன்றை அந்த மாதமே இன்னொருவருக்குக் கற்றுத்தரட்டும். சொல்லித்தந்துவிட்டேன் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தரவு பேக்கப்பும் மீட்டுப் பார்க்காதவரை நம்பத் தகுந்ததில்லை. கற்றவர் அந்த வேலையைத் தனியாகச் செய்ய, கற்றுத்தந்தவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே நிற்கிறாரோ அங்கேதான் எழுதிவைக்காத அறிவு இருக்கிறது. இதில் ஒரு பயம் எழும்: வேலையைக் கற்றுக்கொடுத்தால் என்னை நீக்கிவிடுவார்களோ என்று. அது நியாயமான பயம். ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும் காலத்தில் இந்தப் பயிற்சியைத் தொடாதீர்கள்.

படி 4: நடத்தும் முறை

மூன்று வாரம் முன்: நாளையும் கேள்வியையும் முடிவு செய்யுங்கள். குழுவில் ஒருவரிடம் மட்டும் சொல்லி, "இது நம்மவர்களுக்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள். உங்களுக்கு நெருக்கமானவரைவிட, எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவரைக் கேட்பது நல்லது.

ஒரு வாரம் முன்: மெசேஜ் அனுப்புங்கள். நான்கு வரி போதும். "வணக்கம். அடுத்த வெள்ளி மாலை 3.30 முதல் 4 வரை டீயோடு ஒரு சின்னப் பேச்சு. அன்று சிஸ்டம் அட்மின் நன்றி தினம். யாருடைய வேலை நம் கண்ணில் படுவதில்லை என்று ஒருவரையாவது நினைத்துக்கொண்டு வாருங்கள். விருப்பமுள்ளவர்கள் வரலாம்." விருப்பம் என்று எழுதிவிட்டு வராதவர்களைப் பிறகு விசாரிக்கக் கூடாது.

அன்று: மொத்தம் 30 நிமிடம், வேலை நேரத்துக்குள். வேலை முடிந்த பிறகு வைத்தால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் குழந்தையை அழைத்துவர வேண்டியவர்களும் விலகிப்போவார்கள். முதல் 5 நிமிடம் பிறந்த கதை. அடுத்த 15 நிமிடம் கேள்வி. கடைசி 10 நிமிடத்தில் ஒரே ஒரு முடிவு, அதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. ஆறு முதல் பத்துப் பேர் வரை சரியான அளவு. அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள், இல்லையென்றால் வழக்கமாகப் பேசும் மூவரே பேசுவார்கள். நைட் ஷிப்ட் இருந்தால் அவர்கள் நேரத்தில் தனியாக நடத்துங்கள். பகல் கூட்டத்தின் போட்டோவை மட்டும் குரூப்பில் போட்டால், அவர்கள் இரண்டாம்பட்சம் என்று நீங்களே அறிவித்தது போல் ஆகும். தின்பண்டம் டீயும் சைவமான ஒன்றும் போதும். வசூல் கூடவே கூடாது. மாறுவேடம், பாட்டு, நடனம் எதையும் கேட்காதீர்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அடுத்த முறை அன்றைக்கே லீவு போடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து: முடிவு நிறைவேறியதா என்று குழுவிடம் இரண்டு வரியில் சொல்லுங்கள். நிறைவேறவில்லை என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் அடுத்த நாளை அறிவித்தால் வருபவர் எண்ணிக்கை பாதியாகும்.

படி 5: உங்கள் குழுவுக்கென்று ஒரு நாள்

இரண்டு ஆண்டு நடத்திய பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். பை தினம் நல்ல மாதிரி. இயற்பியலாளர் லாரி ஷா 1988இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் உடன் வேலை செய்தவர்களோடு வட்டமாக நடந்து, அதே உச்சரிப்புள்ள 'பை' (pie) என்ற பழப் பண்டத்தைச் சாப்பிட்டுத் தொடங்கினார். 2009இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019இல் யுனெஸ்கோ அதே தேதியைப் பன்னாட்டுக் கணித நாளாக அறிவித்தது. அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் எழுதினால் 3.14, அதாவது பையின் மதிப்பு. தேதியே பொருளைச் சொல்லிவிடுவதால் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

உங்கள் நாளுக்கும் அப்படி ஒரு தேதி வேண்டும்: முதல் ஆர்டர் வந்த நாள், வெள்ளத்தில் எல்லாரும் சேர்ந்து ஸ்டாக்கைக் காப்பாற்றிய நாள், ஓய்வு பெற்ற ஒரு மூத்தவர் வேலைக்குச் சேர்ந்த நாள். நிறுவனரின் பிறந்தநாளைத் தவிர்த்துவிடுங்கள், அது மறுபடி மேல்நோக்கிப் போகும் மரியாதை. முதல் ஆண்டு போஸ்டரும் அறிவிப்பும் இல்லாமல் ஐந்தாறு பேரோடு நடத்துங்கள். கடற்கொள்ளையர் தினம் ஏழு ஆண்டுகள் நண்பர்களுக்குள்ளேயே இருந்து, 2002இல் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் டேவ் பாரி தம் பத்திரிகைப் பத்தியில் எழுதிய பிறகே உலகம் சுற்றியது. இரண்டாம் ஆண்டு பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் டீ ஊற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு யாரும் நினைவூட்டாமல் குழுவே "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அந்த நாளை விட்டுவிட்டு, வேறு தேதியோடு மறுபடி ஐந்தாறு பேரிடமிருந்து தொடங்குங்கள்.